பாலிஷ் மெஷினுக்கு பேட் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

புதிதாகக் கார் பாலிஷ் மெஷின் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது காம்பவுண்டைப் பற்றித்தான், அதாவது கீறலைச் சீவி எடுக்க பேடில் விடும் திரவம். எந்தக் கம்பெனி நல்லது, லிட்டர் பாட்டிலாக எடுக்கலாமா, ஆன்லைனில் வருவது ஒரிஜினல்தானா என்று ஆயிரம் கேள்வி. அந்தத் திரவத்தைத் தேய்க்க மெஷின் முகத்தில் மாட்டும் பேடைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மெஷின் பெட்டிக்குள் கிடந்ததை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் தக்கலையில் இருக்கும் என் ஷெட்டுக்கு வந்து, "நானே பாலிஷ் போட்டேன் அண்ணாச்சி, எனக்க வண்டி இப்பிடி ஆயிட்டு" என்று நிற்பார்கள். விசாரித்தால் பாட்டில் நல்ல பாட்டிலாகத்தான் இருக்கும். ஒரே காம்பவுண்ட் கம்பளி பேடில் ஒரு வேலை செய்யும், மெத்தென்ற ஃபோம் பேடில் முற்றிலும் வேறு வேலை செய்யும். அதனால் கையில் இருக்கும் காசை முதலில் பேடுக்கு ஒதுக்குங்கள், மிச்சத்தில் பாட்டில் வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

பாலிஷ் போடுவது கீறலை அடைப்பதல்ல. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே அடித்த நிறமில்லாத பூச்சை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சீவி இறக்குவது. கம்பெனியில் அடித்த பெயின்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், நமக்கு விளையாட எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் இருந்து பெயின்டைக் காப்பதும் அந்த கிளியர் கோட்தான். அளவுக்கு மீறிச் சீவிய பானெட் அடுத்த நாளே ஒன்றும் ஆகாது, கண்ணாடி மாதிரி மின்னும். சில வருஷம் கழித்துத்தான் திட்டுத் திட்டாக வெளுத்து உரியும். ஆக, எந்த பேட் என்பதை முடிவு செய்யும்போது எவ்வளவு சீவப் போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

எவ்வளவு சீவ வேண்டியிருக்கும் என்பதை, வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்பதை வைத்தே பாதி சொல்லிவிடலாம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது என்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மணலுக்குச் சிவப்பைக் கொடுப்பது அந்த கார்னெட்தான். உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல் அது. கடல்காற்றில் வந்து பானெட்டில் உட்கார்ந்திருப்பதை உலர்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்தால் போதும், துணி போன வழியெல்லாம் நேர்கோடு விழும். முட்டம், குளச்சல் வண்டிகளில் இந்தக் கோடுதான் அதிகம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கதை வேறு. காற்றாலை சுற்றுகிற ஊரில் காருக்குக் கவர் போட்டு மூடினால், கவர் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்து, கூரை ஓரத்திலும் பானெட் மூலையிலும் பெயின்டைத் தேய்த்து மங்கலாக்கி வைத்திருக்கும். கவர் போடாமல் விட்ட வண்டியே அங்கே பல சமயம் நன்றாக இருக்கிறது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்குச் செம்மண் புழுதி, பறவை எச்சம், பலா மரத்துப் பால். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டிக்கு வட்ட வட்டமாக உப்புக் கறை.

இதில் கோடும் தேய்ப்பும் பேட் வேலை. கறையை முதலில் கழுவியும், வாட்டர் ஸ்பாட் ரிமூவர் போட்டுத் துடைத்தும், கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியை ஓட்டியும் எடுக்கப் பாருங்கள். அதற்குப் பிறகும் குழி விட்டிருந்தால்தான் மெஷின். விரல் நகத்தை மெதுவாக ஓட்டும்போது தட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள். அதை முழுசாக எடுக்கும் பேட் கிடையாது. எடுத்தால் கிளியர் கோட்டும் கூடவே போகும்.

இனி பேட் வகை. அடிப்படையில் மூன்றுதான்: கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம்.

கம்பளி பேட் பெயின்டிங் ஷெட்களில் காலங்காலமாக ரோட்டரி மெஷினில் (ஒரே மையத்தில் வட்டமாக மட்டும் சுற்றுவது) சுழல்வது. வேகமாகச் சீவும். ஃபோமை விடச் சூடு கம்மி, ஏனென்றால் இழைகளுக்கு நடுவே காற்று போகும். புதிதாக பெயின்ட் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பேனலுக்கு இதை விட்டால் வழியில்லை. ஆனால் போகிற போக்கில் தன் தடத்தை விட்டுவிட்டுப் போகும். ஷெட்டுக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வண்டியை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினால், சூரியன் விழுகிற இடத்தில் இறகு இறகாக ஒரு நிழல், நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். ஹோலோகிராம் என்பார்கள். கம்பளி போட்டால் பின்னால் ஃபோம் போட்டே ஆக வேண்டும். வீட்டு முற்றத்தில் சொந்த வண்டிக்கு பாலிஷ் போடுகிறவருக்கு கம்பளி வேண்டாம் என்பது என் கட்சி. ரோட்டரியும் கம்பளியும் சேர்ந்து ஒரு கதவின் விளிம்பில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் போதும், அடியில் இருக்கும் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

மைக்ரோஃபைபர் பேட் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷினுக்கென்றே வந்தது; சுற்றிக்கொண்டே அதிரவும் செய்கிற மெஷின் அது. கம்பளி அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே வெட்டும். கெட்டியான கிளியர் கோட்டில் இதைப் போல வேலை மிச்சம் பண்ணுவது எதுவும் இல்லை. மென்மையான பெயின்டில் போட்டால் கோடெல்லாம் போய், அந்த இடம் முழுக்க மெல்லிய புகை படிந்தது மாதிரி மங்கல் நிற்கும். இன்னொரு தொல்லை, இழைக்குள் காம்பவுண்டும் சீவிய பெயின்டும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒரு பேனலில் இரண்டு தடவையாவது பிரஷ் போட்டுக் கிளறிவிட வேண்டும். சோம்பேறித்தனம் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஃபோம். நூற்றுக்குத் தொண்ணூறு வேலை இதிலேயே முடியும். கெட்டியான கட்டிங் ஃபோம், நடுத்தரமான பாலிஷிங் ஃபோம், பஞ்சு போன்ற ஃபினிஷிங் ஃபோம் என்று படிப்படியாக வரும். இங்கேதான் நிறக் குழப்பம். பேடின் நிறத்துக்கு உலகப் பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சாயம் போடுகிறது. லேக் கன்ட்ரி கம்பெனியில் மஞ்சள் என்றால் நன்றாக வெட்டுகிற பேட், ஆரஞ்சு லேசாக வெட்டும், வெள்ளை பாலிஷுக்கு, கறுப்பு ஃபினிஷிங்குக்கு. ரூப்பெஸில் மஞ்சள் என்றால் நைஸ் பேட், வெட்டுவதற்கு நீலம். 3எம்மில் அந்த நீலம்தான் கடைசியாகப் போடும் மென்மையான பேட், வெட்டுவது பச்சை, மஞ்சள் நடுவில். ஒரு வீடியோவில் யாரோ "மஞ்சள் பேட் போடுங்க" என்றதைக் கேட்டு வேறு கம்பெனி மஞ்சளை வாங்கினால், வீடியோவில் வந்த பளபளப்பும் வராது, சில நேரம் இருந்ததும் போகும். கவரில் கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒன்றும் எழுதாமல் ஏழெட்டு நிறத்தில் செட்டாக வருவதைத் தொடாதீர்கள். அதில் பாதிக்குச் சாயம் மட்டும்தான் வேறு, ஃபோம் ஒன்றே.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் கட்டை விரலால் நடுவில் அழுத்துங்கள். கட்டிங் பேட் லேசில் அமுங்காது, விட்டதும் எழும்பிவிடும். ஃபினிஷிங் பேட் விரல் முழுசாகப் புதையும். திருப்பிப் பார்த்து வெல்க்ரோ நட்ட நடுவில் ஒட்டியிருக்கிறதா, ஓரத்தில் பசை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தாலும் மெஷினில் அது ஆடுகிற ஆட்டத்தில் மணிக்கட்டு வீங்கும். நடுவில் ஓட்டை வைத்த பேடாக இருந்தால் நல்லது. சூடு அதிகம் சேர்வது நடுவில்தான், ஓட்டை வழியாகப் போகும். மெஷினில் பேட் ஒட்டும் பிளேட்டின் மையத்தில் வைத்து ஒட்டவும் அது வசதி.

அளவைப் பொறுத்தவரை முதலில் மெஷினில் இருக்கும் அந்த பிளேட்டை (பேக்கிங் பிளேட் என்பார்கள்) அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 5 அங்குல பிளேட்டுக்கு 5.5 அங்குல பேட் சரி. பேட் பிளேட்டை விடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பிளேட்டும் பேடும் ஒரே அளவாக இருந்தால் பிளேட் விளிம்பு பம்பர் வளைவில் இடித்து வைக்கும் வடுவை எந்த பாலிஷும் எடுக்காது. அதற்காக ரொம்பப் பெரிய பேட் போட்டால் சின்ன டிஏ மெஷின் மூச்சு வாங்கும். சுழற்சி நின்று போய் வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். நாம் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருப்போம், ஒன்றும் நடக்காது. பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. நின்றுவிட்டால் கையைத் தளர்த்துங்கள், இல்லை சின்ன பேடுக்கு மாறுங்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடித் தூண், பம்பர் மடிப்பு இதற்கெல்லாம் 3 அங்குல பிளேட்டும் அதற்கான பேடும் தனியாக வைத்துக்கொண்டால் நிம்மதி.

தடிமனிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டிஏ மெஷினுக்கு மெல்லிய பேடே நல்லது. தடித்த ஃபோம் மெஷினின் அசைவைத் தானே குடித்துவிடும், பெயின்டுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். தடித்த பேட் ரோட்டரிக்குப் பரவாயில்லை. அதன் வேகத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொடுக்கும்.

சரி, எந்த பேட் என்று எப்படி முடிவு செய்வது? வண்டியிடமே கேட்க வேண்டியதுதான். ஜப்பான் கம்பெனி வண்டிகளின் பெயின்ட் மென்மை, ஜெர்மன் வண்டிகளுடையது கெட்டி என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. மொத்தத்தில் பொய்யில்லை. ஆனால் இடது கதவு எப்போதோ இடிபட்டு வெளியே பெயின்ட் அடித்ததாக இருந்தால் அந்தப் பேச்சு அங்கே செல்லாது. தடிமன் பார்க்கும் கேஜ் இருந்தால் 200 மைக்ரானுக்கு மேல் காட்டும் பேனல் அநேகமாக மறுபடி பெயின்ட் அடித்ததுதான். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது. அங்கே அனுபவமும் பயமும்தான் துணை.

குளச்சலில் இருந்து வந்த ஒரு கறுப்பு செடானில் நான் செய்ததைச் சொல்கிறேன். கடற்கரையில் இருந்து பார்வை தூரத்தில் வீடு, தினமும் காலையில் துணியால் தட்டிய வண்டி. கழுவி, கிளே ஓட்டி, நன்றாக உலர்த்தியாயிற்று. பானெட்டில் ஒரு முழச் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். முதலில் பாலிஷிங் ஃபோம், நைஸ் பாலிஷ். புதிய பேட் என்பதால் விரலால் பாலிஷை முகம் முழுக்கத் தேய்த்துப் பிடிக்க வைத்து, மேலே பட்டாணி அளவில் நாலு சொட்டு. குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று, நொடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில் நகர்த்தல். துடைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்து மறுபடி துடைத்தேன். இதை விடக்கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோடுகளை நிரப்பி நம்மை ஏமாற்றும். ஒரு கழுவலில் எல்லாம் திரும்ப வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற வட்டக் கோடுகள் போயிருந்தன, துணிக் கோடுகள் அப்படியே இருந்தன.

இந்த இடத்தில் பலர் பாட்டிலையும் பேடையும் மெஷின் வேகத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவார்கள். பிறகு எது வேலை செய்தது என்று அவர்களுக்கே தெரியாது. நான் பாலிஷை அப்படியே வைத்துக்கொண்டு பேடை மட்டும் கட்டிங் ஃபோமுக்கு மாற்றினேன். பக்கத்தில் இன்னொரு சதுரம். கோடுகள் பாதிக்கு மேல் இறங்கின. அடுத்த சதுரத்தில் அதே பாலிஷோடு மைக்ரோஃபைபர். கோடு காணவில்லை, ஆனால் டார்ச் வெளிச்சத்தைச் சுற்றிச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். மென்மையான கறுப்பு, வேறென்ன எதிர்பார்க்க முடியும். மைக்ரோஃபைபரை எடுத்து வைத்துவிட்டு, கட்டிங் ஃபோமில் மட்டும் ஒரு படி வலுவான காம்பவுண்ட் போட்டுப் பார்த்தேன். ஆழமான இரண்டு மூன்று கோடுகள் மட்டும் மிச்சம். அதை அப்படியே விடலாம் என்று வண்டிக்காரரிடம் காட்டிச் சொன்னேன், அவரும் சரி என்றார். கடைசியில் ஃபினிஷிங் ஃபோமும் நைஸ் பாலிஷும். வண்டி முழுக்க இந்த இரண்டு படிதான். பானெட்டில் செலவழித்த அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் கூரைக்கு மைக்ரோஃபைபர் ஓட்டிவிட்டு நாள் முழுக்க மங்கலோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

பழைய அம்பாசடர் மாதிரி கிளியர் கோட் இல்லாத வண்டி வந்தால் பேடில் வண்டியின் நிறமே ஏறும். பயப்பட வேண்டாம், அந்த பெயின்டின் குணம் அது. ஆனால் அந்த பேடை வேறு வண்டிக்குப் போடாதீர்கள்.

எத்தனை பேட் வேண்டும்? ஒன்று ஒன்றாக மூன்று வகையும் வாங்கி வைத்துக்கொண்டு முழு வண்டியையும் முடிக்கப் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் கோளாறு. மூன்றாவது பேனலிலேயே ஃபோம் ஈரமாகி, சூடேறி, தொளதொளத்துவிடும். அதற்குப் பிறகு கட்டிங் பேட் கட்டிங் பேடாக இருக்காது. ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கு முக்கிய வேலைக்குக் குறைந்தது நாலு பேட் இருக்கட்டும், மாற்றி மாற்றிப் போடலாம். ஃபினிஷிங் இரண்டு போதும். ஒரு பேடுக்கு ஒரே திரவம்தான். காம்பவுண்ட் போட்டதில் நைஸ் பாலிஷ் விட்டால் பழைய சொரசொரப்பு உள்ளேயே இருந்து கோடு போடும். பெயின்ட் கடையில் டப்பாவில் வாங்கும் ரப்பிங் காம்பவுண்ட் தொட்ட பேடை இந்தக் கூட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

வேலை நடக்கும்போது ஒவ்வொரு பேனல் முடிந்ததும் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, நைலான் பிரஷை ஃபோமில் பிடியுங்கள். வெள்ளைப் பொடியாகப் பறக்கும். காற்றுக் குழாய் இருந்தால் இன்னும் நல்லது; மைக்ரோஃபைபருக்கு அதுதான் சரி. பேட் கை தவறிக் கீழே விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டாதீர்கள், நம்மூர் முற்றத்து மணலில் என்ன இருக்கிறது என்று மேலே சொன்னேன்.

முடிந்ததும் அப்படியே போட்டு வைத்தால் மறுநாள் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். அன்றைக்கே இளஞ்சூட்டுத் தண்ணீரில், கொஞ்சம் கார் ஷாம்பு விட்டு ஊறவைத்து, பிழியாமல் அழுத்தி அழுத்திக் கழுவுங்கள். முறுக்கினால் வெல்க்ரோ பசை விடும். பிறகு மெஷினில் மாட்டி, காலி வாளிக்குள் வைத்துக் குறைந்த வேகத்தில் சுழற்றினால் தண்ணீர் வாளியோடு போகும். வெயிலில் காயப்போடக் கூடாது, நிழலில் காற்று போகும் இடம் வேண்டும். இடவப்பாதி மழையும் அடைமழையும் இரண்டும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. அந்த மாதங்களில் ஃபோம் உள்ளே காயவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும், ஃபேன் போட்டு வையுங்கள். காயும் முன்னே டப்பாவில் மூடினால் பூஞ்சை வாடை வரும். மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு பேட் கூடுதலாக இருந்தால் வேலை நிற்காது.

ஃபோம் நடுவில் வெடிப்பு விட்டாலும், வெல்க்ரோவில் இருந்து ஓரம் பிரிந்தாலும், கழுவிக் காய்ந்த பிறகும் விரலுக்குச் சொரசொரப்பு தட்டுப்பட்டாலும் பெயின்டுக்கு அது இனி ஆகாது. வெல்க்ரோ பிரிந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஓடும்போது கழன்று பறந்தால் பிளேட் நேராக பெயின்டில் உட்காரும். சொரசொரத்ததை மட்டும் நான் தனி டப்பாவில் போட்டு வைப்பேன். மஞ்சளித்த ஹெட்லைட்டை உப்புத்தாள் போட்ட பிறகு முதல் சுற்றுக்கு அது ஆகும்.